உங்கள் பிரச்சினை எந்தப் பட்டியலில் இருக்கிறது?

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். அரசியலமைப்புச் சட்டம் பற்றிக் கேளுங்கள், ஆனால் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி கேட்காதீர்கள், உங்கள் தெருவில் உங்களைத் தொட்ட ஒரு விஷயத்தை வைத்துக் கேளுங்கள் என்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உயர் நீதிமன்றத்திலும் ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலும் முப்பத்தைந்து வருஷம் வழக்காடியதில், நியாயம் கையில் இருந்தும் தப்பான ஆபீஸ் வாசலில் நின்று தோற்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எந்த வாசல் என்று எழுதிவைத்திருக்கிற புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கிற சுருக்குமடி வலைக்கு மாநில அரசு தடை போட்டிருக்கிறது. 12 மைலுக்கு அந்தப் பக்கம் போனால் பிடிக்கலாம் என்கிறார்கள். கடல் ஒன்றுதானே, சட்டம் எப்படி இரண்டாகும்?
— விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு

அண்ணே, கடல் ஒன்றுதான். ஆனால் அரசியலமைப்பு அதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ஏழாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் மூன்று பட்டியல்கள். ஒன்றியப் பட்டியலில் இருப்பதற்கு நாடாளுமன்றம் சட்டம் போடும். மாநிலப் பட்டியலில் இருப்பதற்குச் சட்டமன்றம் போடும். பொதுப் பட்டியலில் இருப்பதற்கு இரண்டு பேரும் போடலாம். 1950-ல் இது தொடங்கியபோது ஒன்றியத்துக்கு 97, மாநிலத்துக்கு 66, பொதுவில் 47 என்று எண் போட்டு எழுதியிருந்தார்கள்.

இப்போது மீனுக்கு வாருங்கள். மாநிலப் பட்டியலில் 21-வது இடத்தில் மீன்வளம் இருக்கிறது. ஒன்றியப் பட்டியலில் 57-வது இடத்தில் மறுபடியும் மீன்பிடிப்பு வருகிறது, ஆனால் ‘ஆட்சிக்கடலுக்கு அப்பால்’ என்ற நிபந்தனையோடு. ஆட்சிக்கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். அது வரைக்கும் கோட்டையிலிருந்து வரும் சட்டம். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை டெல்லியிலிருந்து வரும் சட்டம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. அதன் கை 12 மைலோடு நின்றுவிடும்.

தடைக்காலத்தில் உங்களுக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம், அப்போது இரண்டு அரசும் ஒரே நாளில் உத்தரவு போட்டுவிடுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க. முன்பு 45 நாளாக இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே மாநிலத்தின் தடை, வெளியே ஒன்றியத்தின் தடை. இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் தையல் தெரிவதில்லை.

சுருக்குமடியில்தான் அந்தத் தையல் பிரிந்தது. தமிழ்நாடு அரசு தடை போட்டது. ஒன்றியம் தன் பகுதியில் அப்படி ஒரு பொதுத் தடையைப் போடவில்லை. மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு கொடுத்தது. 12 மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குள் திரும்ப வேண்டும், படகில் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும் என்று. அந்தக் கோட்டுக்குப் போய்ச் சேரவே எத்தனை மணி நேரம் ஆகும், வலையை வளைத்து இழுத்து அன்று மாலைக்குள் திரும்ப முடியுமா என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். சின்ன வலைக்காரர்கள் இந்த வலையால் குஞ்சு மீன் வரைக்கும் போய்விடுகிறது என்று அழுவதும் எனக்குத் தெரியும். என் மனசு அவர்கள் பக்கம்தான். ஆனால் நீங்கள் கேட்டது சட்டம் ஏன் இரண்டாகிறது என்று. 21-க்கும் 57-க்கும் நடுவில் ஓடுகிற கோடு அது. தொழிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன்.

நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. அப்படியானால் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்றத்துக்கு என்ன மதிப்பு?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

என் கண்ணே, உனக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

1984-ல் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய அரசியலமைப்புப் புத்தகம் வாங்கினேன். அடுத்த வருஷம் அந்த மார்க்கெட்டே எரிந்துபோனது. புத்தகம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அட்டை போய், நான் காக்கிக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரென்று தெரியாது. ஏழாவது அட்டவணையில் அவர் செய்திருக்கும் ஒரு வேலையை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். மாநிலப் பட்டியலில் 11-வது இடம், கல்வி. அதன் மேல் சிவப்பு மையால் ஒரே கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. காகிதத்தின் பின்பக்கம் வரை மை ஊறியிருக்கிறது. கோட்டின் முனையில் ஓர் அம்பு. அந்த அம்பு அடுத்த பக்கத்துக்குப் போய், பொதுப் பட்டியலின் 25-வது இடத்தில் ஓரமாக ‘கல்வி இங்கே’ என்று தமிழில் நிற்கிறது. அதே மாதிரி 19 காடு, 20 வன விலங்கு, 29 எடையும் அளவையும், இன்னும் நீதி நிர்வாகத்தில் ஒரு பகுதி. மொத்தம் ஐந்து கோடுகள்.

அது 42-வது திருத்தம். நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-ல் நிறைவேறியது, 1977 ஜனவரி 3-ல் பட்டியல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பட்டியல்களில் கை வைக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதாது, பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பிரிவு 368 சொல்கிறது. தமிழ்நாடு என்ன சொன்னது தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது. சட்டமன்றமே இல்லை. கல்வி நம் பட்டியலை விட்டுப் போன நேரத்தில் அதைப் பற்றிப் பேச நமக்கு ஒரு சபை இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, பொதுப் பட்டியலுக்குப் போன பிறகு என்ன ஆகும்? இரண்டு பேரும் சட்டம் போடலாம். இரண்டும் மோதினால் நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். இது பிரிவு 254-ன் முதல் பகுதி. இரண்டாம் பகுதியில் ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும். அந்த வாசல் வழியாக நாம் போயிருக்கிறோம். பொறியியல், மருத்துவத்துக்கு நடந்த மாநில நுழைவுத் தேர்வை 2006-ல் கொண்டுவந்த சட்டம் ஒழித்தது, அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 2017-ல் ஜல்லிக்கட்டுக்கு நாம் செய்த திருத்தமும் அதே வழியில் போய் ஒப்புதல் பெற்றது, 2023-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மிருகவதைத் தடுப்பும் பொதுப் பட்டியலில் இருப்பதுதான்.

நீட் விலக்கு மசோதா 2021-ல் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரிடம் போனது, ஒப்புதல் மறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்கிறார், ஆகவே அந்தச் சின்ன வாசலின் சாவி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. இதோடு உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலில் 66-வது இடத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும்.

அப்படியானால் சட்டமன்றத்துக்கு மதிப்பில்லையா? உண்டு. அதன் எல்லையை எழுதிவைத்திருக்கிறார்கள், எழுதியதை மாற்றியும் இருக்கிறார்கள். ஒரு சிவப்புக் கோட்டால் போனது இன்னொரு கோட்டால் திரும்பி வரலாம். அதற்கும் அதே 368 தான் வழி. நீ சட்டம் படிக்க வருவதாக இருந்தால் அந்தப் புத்தகத்தை உனக்குத் தருகிறேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தினமும் நிற்கிறோம். மேம்பாலம் கேட்டால் மாநகராட்சி ரயில்வேயைக் காட்டுகிறது, ரயில்வே மாநகராட்சியைக் காட்டுகிறது. யார்தான் பொறுப்பு?
— ஆட்டோ ஓட்டுநர், கொருக்குப்பேட்டை

இரண்டு பேரும். வேலையைத் தட்டிக்கழிக்க இது வசதியான பதில், ஆனால் உண்மையும் அதுதான்.

கேட் போட்டிருக்கும் தண்டவாளம் ஒன்றியப் பட்டியல், எண் 22. அந்தத் தண்டவாளத்தில் வந்து முட்டுகிற சாலை மாநிலப் பட்டியல், எண் 13. அதனால் பாலம் கட்டும்போதும் அப்படியே பிரிகிறது. தண்டவாளத்துக்கு நேர் மேலே வரும் துண்டை ரயில்வே கட்டும். இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிற சரிவை மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ கட்டும். நிலம் எடுப்பது, கரன்ட் கம்பம், தண்ணிக் குழாய் மாற்றுவது எல்லாம் மாநிலத்தின் தலையில். வரைபடத்துக்கு ரயில்வே ஒப்புதல் வேண்டும். ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்காமல் நடுவில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற பாலங்களை நாம் பார்த்திருக்கிறோம், இல்லையா? அதனால் மனு கொடுக்கும்போது ஒரே கடிதத்தில் இரண்டு பேர் முகவரியையும் போட்டு, யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கேளுங்கள். பொதுவாக ‘மேம்பாலம் வேண்டும்’ என்று கேட்டால் கடிதம் கேட்டிலேயே நிற்கும்.

அப்புறம் இன்னொன்று. ஸ்டேஷனில் போன் பறிபோனால் ஆர்.பி.எஃப்-இடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆர்.பி.எஃப் ஒன்றியத்தின் படை, ரயில்வேயின் சொத்தையும் பயணிகளையும் பாதுகாப்பது அதன் வேலை. திருட்டு வழக்கைப் பதிவு செய்து விசாரிக்க வேண்டியது தமிழ்நாடு ரயில்வே போலீஸ். மாநிலப் பட்டியலில் 2-வது இடத்தைப் படித்துப் பாருங்கள், ‘ரயில்வே, கிராமக் காவல் உட்பட காவல்துறை’ என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ரயில் டெல்லியுடையது, ரயிலில் திருடனைப் பிடிக்கிறவர் சென்னையுடையவர். ராயபுரம் ஸ்டேஷனில் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது. அந்த ஸ்டேஷனின் பிளாட்பாரத்திலும் இன்றைக்கு இரண்டு சர்க்காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

கடையில் ஒரு சேலைக்கு பில் போட்டால் இரண்டு வரி விழுகிறது. சூரத்தில் சரக்கு எடுத்தால் ஒரே வரி. வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.
— துணிக்கடைக்காரர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். 1,000 ரூபாய்ச் சேலைக்கு சி.ஜி.எஸ்.டி. 25, எஸ்.ஜி.எஸ்.டி. 25. ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், இரண்டு அரசு வரி போடுகின்றன. 2017 ஜூலை 1-க்கு முன்னால் இது முடியாது. விற்பனை வரி மாநிலத்துடையது, உற்பத்தி வரி ஒன்றியத்துடையது, யாரும் யார் வயலிலும் இறங்க முடியாது. 101-வது திருத்தம் 246-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்து இருவருக்கும் ஒரே வயலைக் கொடுத்தது. சூரத்திலிருந்து வரும்போது மாநில எல்லை தாண்டுவதால் ஐ.ஜி.எஸ்.டி. என்று 50 ரூபாய் மொத்தமாக ஒன்றியம் வாங்குகிறது. பிறகு மாநிலத்தின் பங்கு, சேலை நெய்த குஜராத்துக்குப் போகாமல், அதைக் கட்டப்போகிறவர் இருக்கிற தமிழ்நாட்டுக்கு வருகிறது. நம்மைப் போல நிறைய உற்பத்தி செய்து வெளியே அனுப்புகிற மாநிலத்துக்கு இந்த ஏற்பாட்டில் வருத்தம் இருந்தது, அதைத் தொடக்கத்திலேயே சொல்லவும் செய்தோம்.

விகிதத்தை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். இதில் ஓட்டு எப்படிப் பிரிகிறது என்று ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போடுங்கள். எல்லா மாநிலமும் ஒன்றாகக் கை தூக்கினாலும் மூன்றில் இரண்டுதான், நான்கில் மூன்றைத் தொடாது. ஒன்றியம் வேண்டாம் என்றால் ஒன்றும் நகராது. ஒன்றியம் வேண்டும் என்றால், மாநிலங்கள் தரப்பின் 31 உறுப்பினர்களும் ஓட்டுப் போடும் பட்சத்தில், 20 பேரையாவது சேர்த்தாக வேண்டும். தமிழ்நாட்டின் ஓட்டும் மிகச் சிறிய மாநிலத்தின் ஓட்டும் ஒரே எடை. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், கவுன்சில் சொல்வது பரிந்துரைதான், நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் அது கட்டாது என்றது. ஆனால் ஒரு மாநிலம் தனியாக விலகினால் வரிச் சங்கிலியே அறுந்துவிடும் என்பதால் யாரும் விலகவில்லை. வாடிக்கையாளரிடம் சுருக்கமாக, ‘இதில் பாதி கோட்டைக்கு, பாதி டெல்லிக்கு’ என்று சொல்லுங்கள், போதும்.

அரசியலமைப்பில் ‘கூட்டாட்சி’ என்ற சொல்லே இல்லை என்று படித்தேன். அப்புறம் எதை வைத்து நாம் கூட்டாட்சி நாடு என்கிறோம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தண்டையார்பேட்டை

ஐயா, நீங்கள் படித்தது சரி. முதல் பிரிவு, ‘இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்’ என்றுதான் தொடங்குகிறது. அரசியல் நிர்ணய சபை அந்தப் பிரிவை 1949 செப்டம்பர் 18-ம் தேதி ஏற்றுக்கொண்டது. அதே நாள் மாலை, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அன்றைக்கு அவர்கள் கேட்டது திராவிட நாடு. டெல்லியில் ஒன்றியம் என்ற சொல்லை எழுதிய அதே நாளில் ராயபுரத்தில் அதற்கு வெளியே போகப் பேசினார்கள். பிறகு 1963-ல் 16-வது திருத்தம் வந்து, பிரிவினை கேட்கிறவர் தேர்தலில் நிற்க வழியில்லாமல் ஆனது. கோரிக்கை கைவிடப்பட்டு, பேச்சு மாநில சுயாட்சிக்கு வந்தது. 1969-ல் ராஜமன்னார் குழுவை அமைத்தார்கள். எந்த அதிகாரம் எந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று ஒரு மாநில அரசு ஆள் போட்டு வரி வரியாகப் படித்தது அதுதான் முதல் தடவை. வெளியே போகக் கேட்டவர்கள் அதே புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பக்கங்களுக்காகச் சண்டை போட்டார்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

சொல் இல்லாவிட்டாலும் பொருள் இருக்கிறது. அதிகாரம் எழுத்தில் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு தரப்பு தனியாக அந்தப் பங்கீட்டை மாற்ற முடியாது, தகராறு வந்தால் நீதிமன்றம் தீர்க்கிறது. 1994-ல், மாநில ஆட்சிக் கலைப்பு பற்றிய பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கூட்டாட்சி அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்றது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என நான்கு தடவை பிரிவு 356-ஆல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. ஆனால் பலவீனமான இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அதன் எல்லையைத் தொட முடியாது. இங்கே பிரிவு 3-ன்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாநில எல்லையை, பெயரை மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதன்படி நடக்க வேண்டியதில்லை. நம் மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனதும், 1969 ஜனவரி 14-ல், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால்தான்.

கவுன்சிலர் என்பவரும் அரசியலமைப்பில் வருகிறாரா?
— இல்லத்தரசி, கொடுங்கையூர்

வருகிறார் அம்மா, 1993-லிருந்து. 74-வது திருத்தம் மாநகராட்சிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம் என்றது. ஆனால் என்னென்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றம் ‘கொடுக்கலாம்’ என்றுதான் 243-டபிள்யூ சொல்கிறது. டெல்லி கொடுக்கவில்லை என்று நாம் கோபப்படுகிற அதே கோபத்தோடு, கோட்டை ரிப்பன் மாளிகைக்குக் கொடுக்கவில்லை என்றும் கேட்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை சென்னையில் தேர்தலே நடக்கவில்லை. கட்டாயம் என்று எழுதியிருந்தும் அது நடந்தது.

எண்ணூரில் காற்றும் தண்ணீரும் கெட்டுக் கிடக்கின்றன. சுற்றுச்சூழல் எந்தப் பட்டியலில் இருக்கிறது? யாரிடம் போவது?
— மீனவப் பெண், எண்ணூர் குப்பம்

அக்கா, எந்தப் பட்டியலிலும் இல்லை. எழுதியவர்கள் 1949-ல் அதை நினைக்கவில்லை. அப்படி இருந்தும் சட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியல். அதனால் சில மாநிலங்கள் தாங்களாகவே தீர்மானம் போட்டு நாடாளுமன்றத்தைச் சட்டம் போடச் சொல்லிக் கேட்டன, பிரிவு 252 அதற்கு வழி விடுகிறது. அப்படித்தான் 1974-ன் தண்ணீர்ச் சட்டம் வந்தது. 1981-ன் காற்றுச் சட்டமும் 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வேறு வழி. 1972-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தியா கலந்துகொண்டது. வெளிநாட்டு மாநாட்டு முடிவை நிறைவேற்ற நாடாளுமன்றம் எந்தப் பட்டியலைப் பற்றியும் கவலைப்படாமல் சட்டம் போடலாம் என்கிறது பிரிவு 253. சட்டம் ஒன்றியத்துடையது, அதை நடத்துகிற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துடையது. அதனால்தான் ஒரு கம்பெனியைக் கைகாட்டினால் உங்களை இங்கும் அங்கும் அலைய விடுகிறார்கள்.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்ததே, அப்போது நான் அங்கே வந்திருந்தேன். படகில் நின்று ஆண்கள் குவளையாலும் பக்கெட்டாலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா தன் இறால் கூடையைத் திருப்பிக் காட்டினார். கூடையின் ஒவ்வொரு பின்னலிலும் தார் மாதிரி உறைந்திருந்தது. என் சேலை ஓரத்தில் பட்ட கறை இன்னும் போகவில்லை. அப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் யாரும் மனுப் போடும் வரை காத்திராமல் தானாகவே வழக்கை எடுத்தது.

நீங்கள் போக வேண்டிய இடமும் அதுதான். 2010-ன் சட்டத்தால் வந்த தீர்ப்பாயம், தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு முன்னால் மாசு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, யாருக்கு என்ன உபத்திரவம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் நோட்டுத்தான் அங்கே சாட்சி. 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவர்கள் நினைக்காத ஒன்றைப் பிரிவு 21-ன் ‘உயிர்’ என்ற ஒரு சொல்லுக்குள் நீதிமன்றம் கண்டெடுத்தது.

பெரும்பான்மை இருந்தால் அரசியலமைப்பையே மாற்றிவிடலாமா?
— கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

மாற்றலாம் தம்பி, இதுவரை நூறு தடவைக்கு மேல் மாற்றியிருக்கிறார்கள். முதல் திருத்தத்துக்கே நம் சென்னை மாகாணத்து வழக்கு ஒரு காரணம். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் செல்லாது என்றது, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற பிரிவு 15(4) 1951-ல் சேர்க்கப்பட்டது. ஆனால் 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், மாற்றலாம், அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார்கள். ஆறு பேர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ஆள் வித்தியாசம்.

தமிழில் அரசியலமைப்புச் சட்டம் எங்கே கிடைக்கும்?
— தையல் தொழிலாளி, புளியந்தோப்பு

ஒன்றியச் சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் தமிழ்ப் பதிப்பு இலவசமாக இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் எல்லாப் பக்கத்தையும் அச்செடுக்கச் சொல்லாதீர்கள், காசு நிறைய ஆகும். ஏழாவது அட்டவணையை மட்டும் எடுங்கள். தையல் கடையில் மிஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டி வையுங்கள். ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைகிறவர்கள்தான் உங்கள் கடையில் காத்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.